அக்தோஸின் படுக்கை

இந்த ஊரில் பகலில் தூங்கிப் பிழைக்கிறவர்களில் நானும் ஒருவன். எங்கள் சுரங்க ஊர் கரகந்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் குழாயில் வெந்நீர் போகிறதே, அந்தக் கொதிகலன் நிலையத்தில் எனக்கு ராத்திரி வேலை. ஊர் முழுக்கப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். நான் நிலக்கரித் தூசியைத் தின்றுகொண்டு கொதிகலனுக்குக் காவல் இருப்பேன். விடிந்து வீடு வந்தால் ஜன்னல் திரையை இழுத்து விட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வெட்டிப் போட்ட மரம் மாதிரி விழுவேன். என் மனைவி ரவ்சா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அவளும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் ஈ காக்கை இருக்காது. எனக்கென்று மிச்சமிருந்த சுகம் அது ஒன்றுதான்.

அதற்கும் ஒரு ஜனவரியில் வேட்டு வைத்தார்கள்.

என் கட்டிலுக்கு நேர் மேலே, மாடி வீட்டில், ஒரு நாய்க்குட்டி அழுதது. குரைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது அழுகை. முதலில் கீங் கீங் என்று முனகும். பிறகு ஊ என்று நீட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் கட்டடத்தின் லட்சணம் எப்படியென்றால், மேல் வீட்டில் கரண்டி விழுந்தால் கீழ் வீட்டில் நான் குனிந்து தேடுவேன். பஞ்சாவது மண்ணாவது! போர்வையை உதறிவிட்டுப் படியேறிப் போய்க் கதவை இடித்தேன்.

"யாருய்யா உள்ள? ஒரு மனுஷன் ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வந்து படுத்திருக்கான்னு தெரியுமா, தெரியாதா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

உள்ளே ஆள் இருந்தால்தானே பதில் வரும்? ஆனால் அழுகை நின்றுவிட்டது. கதவுக்கு அடியில் ஒரு மூக்கு வந்து மோப்பம் பிடித்தது. நான் திரும்பி இரண்டு படி இறங்கினேன், மறுபடி ஊ. ஏறி வந்து திட்டினேன், நின்றது. என் திட்டை வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் தூங்கவேயில்லை. கதவுக்கு வெளியே நான், உள்ளே அது, இப்படியே பகல் போயிற்று.

சாயங்காலம் மேல் வீட்டுக் கம்ஷாத் ஒரு தட்டு நிறைய பௌர்சாக் பொரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். எண்ணெய்ச் சூடு ஆறாத மாவு உருண்டைகள். வேலை விட்டு வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள்.

"அண்ணே, தூக்கத்தைக் கெடுத்துட்டோமாமே. எதுத்த வீட்டுல சொன்னாங்க. மன்னிச்சுக்கங்கண்ணே."

"மன்னிக்கணும்னா மொதல்ல தூங்கணும்மா. தூங்காதவனுக்கு நல்ல புத்தி எங்கேர்ந்து வரும்?"

"அவரு கெடக்காரு, நீ உள்ள வா," என்றாள் ரவ்சா. "பகல் பூரா தூங்கினாலும் இப்பிடித்தான் எரிஞ்சு விழுவாரு. ஒரு கிண்ணம் டீ குடி."

கம்ஷாத் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, குட்டி வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் புருஷன் எர்தென் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் இருக்கைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்திருக்கிறது. உள்ளே இது. ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கிற பெரிய ஜாதி நாயின் குட்டி. கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. அதனால் அக்தோஸ் என்று பெயர், வெள்ளை நெஞ்சுக்காரன். யாராவது தேடி வருவார்கள் என்று பணிமனையில் சொல்லி வைத்தார்கள். ஒருவரும் வரவில்லை.

"ராத்திரி மட்டும் இருக்கட்டும்னுதாண்ணே எடுத்துட்டு வந்தாரு. காலைல பாத்தா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கண் மூடியிருந்தது. கையில் கிண்ணம் சாய்ந்துகொண்டே போயிற்று. ரவ்சா எட்டி வாங்கிக் கீழே வைத்தாள். உட்கார்ந்த வாக்கில், வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு ஒருத்தி தூங்கினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தூக்கத்தின் அருமை தெரிந்தவன் நான். அதற்கப்புறம் திட்ட வாய் வரவில்லை.

கம்ஷாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்து ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு இங்கே தையல் கூடத்துக்கு வந்தவள். சுரங்கத்துக்காரர்கள் போடுகிற பஞ்சு வைத்த கனத்த கோட்டுகளைத் தைக்கிற இடம். விடிகிற வேளையில் போய் இருட்டின பிறகு வருவாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும். வீட்டுக்கு வந்தால் இந்தக் கட்டடத்துச் சனம் சும்மா விடுமா? ஒருத்திக்குத் திரைச்சீலை, ஒருத்திக்குக் கிழிந்த கால்சட்டை. "கம்ஷாத் இருக்கையில கவலை என்ன?" என்று கொண்டுவந்து போடுவார்கள். ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாதவள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேலை உண்டு. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை ஒன்று தைப்போம். அதற்கு நாய்ச் சட்டை என்று பெயர். மெத்தென்ற பழந்துணியில், பிஞ்சு உடம்பை உறுத்தாமல் தையல் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி தைப்பார்கள். ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்கவே கூடாது. ஓரம் மடித்தால் குழந்தையின் ஆயுளை அங்கேயே முடித்துக் கட்டினது போல என்று பயம். நாற்பதாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டி, அந்தச் சட்டையைக் கழற்றி, மிட்டாயை உள்ளே வைத்து மூட்டை கட்டி, ஒரு நாயின் கழுத்தில் மாட்டி விரட்டுவார்கள். பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயை அள்ளிக்கொள்ளும். சட்டையை, பிள்ளையில்லாத பெண் ஒருத்தியின் கையில் கொடுப்பார்கள். அடுத்தது அவள் மடியில் தவழட்டும் என்று.

இந்தக் கட்டடத்தில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தவள் கம்ஷாத். பிள்ளையில்லாதவளும் அவள்தான். அவள் தைத்த சட்டை நாற்பது நாள் ஊர் சுற்றிவிட்டு அவள் கைக்கே வந்து சேரும். கூட்டத்தின் நடுவில், எல்லார் கண்ணும் அவள் வயிற்றின் மேல் இருக்க, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ரவ்சாகூட அப்படித்தான் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். எல்லாரும் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள்.

அவளுக்கும் கரு தங்காமல் இல்லை. தங்கும், போய்விடும். போன இலையுதிர் காலத்தில்கூட ஒன்று போயிற்று. அதற்கப்புறம் தையல் கூடத்துக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் என்று எர்தென் ஒருமுறை படிக்கட்டில் என்னிடம் சொன்னான். அதிகம் பேசாத அவன் வாய்க்கு அதுவே பெரிய பேச்சு. பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்று அவள் தானாக எழுந்து பால் காய்ச்சினாளாம். அதைப் பார்த்தபிறகு நாயைத் திருப்பிக் கொண்டுபோக அவனுக்குக் கால் வரவில்லை.

எழுந்தாள் சரி. வேலைக்குப் போகிற இரண்டு பேர் ஒரு குட்டியை வளர்ப்பதென்றால் லேசா? அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். தின்ற உடனே கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தரை நாறிவிடும். கம்ஷாத் விடிய வெகுநேரம் முன்னாலேயே எழுந்து, கோட்டுக்குள் அதைச் செருகிக்கொண்டு, எச்சில் துப்பினால் உறைகிற குளிரில் முற்றத்தில் நிற்பாள். அது பனியை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல், மேலே வந்து அழகாக மிதியடியின் மேல் போகும். துடைத்துவிட்டு ஓடுவாள். மதியச் சாப்பாட்டு வேளையில் டிராம் பிடித்து வீட்டுக்கு வந்து, அதற்கு ஊட்டி, தான் சாப்பிடாமல் டிராம் பிடித்துப் போவாள். தாமதமாகும், மேற்பார்வைக்காரி முறைப்பாள். ரேடியோவைப் போட்டுவிட்டுப் போனார்கள். அது ரேடியோவோடு சேர்ந்து ஊளையிட்டது. கறி எலும்பு வைத்துவிட்டுப் போனார்கள். எலும்பை விட்டுவிட்டு எர்தெனின் ஒரே நல்ல பூட்ஸைத் தின்றது. கீழே கிடந்து எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

கடைசியில் நானே ஒரு காலை அவளைப் படிக்கட்டில் மறித்தேன்.

"இந்தா தங்கச்சி, சாவியக் குடு."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? நான் வேலை விட்டு வர்றப்ப அதுக்கு ஊத்திட்டு, கீழ ஒரு நடை எறக்கிட்டு வந்து படுக்கறேன். வயிறு நெறஞ்சா அதுவும் தூங்கும், நானும் தூங்குவேன். மத்தியானம் ஒருக்கா எந்திரிச்சுப் பாக்கறேன். நீ அந்த டிராம்ல தொங்கிக்கிட்டு வராதே. ஒரு நாள் நின்னபடிக்கே தூங்கி விழுந்து தொலைக்கப் போற."

"உங்களுக்கு எதுக்குண்ணே செரமம்?"

"அட, நான் என்ன நாயா வளக்கப் போறேன்? என் தூக்கத்த வளக்கறேன். குடு."

விஷயம் தெரிந்து ரவ்சா சிரித்தாள் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சொந்தப் புள்ளைக்கு ஒரு நாளு துணி மாத்தினதில்ல இந்த மனுஷன்! இப்ப நாய்க்கு ஆயா வேலை!"

சாவியோடு முதல் நாள் உள்ளே போனேன். கூடத்து மூலையில், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அதன் படுக்கை இருந்தது. குட்டி என் காலைச் சுற்றிக் குதித்தது, கஞ்சியை ஊற்றினேன். தின்னட்டும் என்று குந்தி உட்கார்ந்தபோதுதான் படுக்கையைப் பார்த்தேன். ஒட்டுத்துணி மெத்தை. தையல்காரி வீட்டில் ஒட்டுத்துணிக்கா பஞ்சம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு துண்டில் குட்டிக் கை ஒன்று தெரிந்தது. என் கட்டை விரல் மட்டும் நுழைகிற சட்டைக் கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லாத் துண்டுக்கும் கை இருந்தது. தையலெல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. ஓரங்கள் மடிக்காமல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய காரியத்துக்கு என்று கொடுத்த சட்டைகள். அத்தனையையும் இணைத்துத் தைத்து நாய்க்குப் போட்டிருக்கிறாள். நீலப் பூப்போட்ட அந்தத் துண்டு என் பேத்தியுடையது. ரவ்சாவின் பழைய கவுனில் வெட்டினது; எனக்கு அடையாளம் தெரியாதா? கோபம்தான் முதலில் வந்தது. அக்தோஸ் கஞ்சியை நக்கி முடித்துவிட்டு, படுக்கையில் ஏறி, மூக்கை ஒரு சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டு சுருண்டது. ஒரு முனகல் இல்லை. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ரவ்சாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாய் தூங்கிற்று, நானும் தூங்கினேன்.

பிப்ரவரி கடைசியில் எர்தெனின் அம்மா உல்மெகென் கிராமத்திலிருந்து வந்து இறங்கினாள். எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கிற அவளுடைய சின்ன மகனுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகப் போகிறது. அந்தச் சட்டையையும் கம்ஷாத்தான் தைத்திருந்தாள், கேட்கவா வேண்டும்? பெரிய மகன் வீட்டுக்கு மாமியார் வந்து ஒரு எட்டு தலையைக் காட்டினாள். வாசலிலேயே அக்தோஸ் அவள் பாவாடையைக் கவ்விற்று. உள்ளே காலெடுத்து வைக்கவே மாட்டேன் என்று படிக்கட்டில் நின்று அவள் போட்ட சத்தம் கீழே என் கட்டிலில் வந்து விழுந்தது.

"வீட்டுக்குள்ள நாயி! ஏன்டி, நாய் கெடக்கிற வீட்டுப் படிய வானவர் மிதிப்பாங்களா? பொறக்கறது எப்பிடிடி பொறக்கும்? டேய் எர்தென், ஒனக்காச்சும் புத்தி வேணாமா?"

எர்தென் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான், தின்ற மிச்சத்தை.

"நாய் வந்தது இந்தக் குளிருக்கு," என்று ரவ்சா என்னிடம் கிசுகிசுத்தாள். "அதுக்கு முந்தி இத்தன வருஷமா வானவரை யாரு மறிச்சாங்களாம்?"

"போய் அந்தம்மாகிட்டயே கேளேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

வேடிக்கை என்னவென்றால், அதே அம்மாவுக்கு நாற்பதாம் நாளுக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. முற்றத்தில் திரிகிற நாய்களை முனிசிபாலிட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக ஏற்பாடு இப்படி ஆயிற்று: அன்றைக்குச் சட்டையை அக்தோஸின் கழுத்தில் கட்டுவது, காரியம் முடிந்ததும், விருந்துக்கு ஆடு ஏற்றிக்கொண்டு வருகிற கிராமத்து லாரியிலேயே அதைப் பட்டிக்கு அனுப்பிவிடுவது. யாரும் அதில் தப்பு சொல்ல முடியாது. மந்தை நாய்க்குப் பட்டிதானே வீடு? அங்கே பகலெல்லாம் ஆள் இருக்கும். இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை கம்ஷாத்தைப் படிக்கட்டில் பார்த்தேன். தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"அனுப்பறதுன்னு சொல்லிட்டியாமே?"

"சரின்னுட்டேண்ணே."

"மனசோடயா?"

கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். "பிடிச்சு வைக்கத் தெம்பு இல்லண்ணே. எதையுமே பிடிச்சு வைக்க முடியல என்னால. நான் ஓஞ்சு போயிட்டேன்." சொல்லிவிட்டு டிராமுக்கு ஓடினாள்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எதிர்க் கட்டடத்தில் உல்மெகென் குழந்தையைக் குளிப்பாட்டி, சட்டையைக் கழற்றிப் புதுத்துணி போட்டாள். பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். லாரி வாசலில் நின்றது. ஆடு இறங்கி அடுப்புக்குப் போய்விட்டதால் பின்பக்கம் காலியாக இருந்தது. பிள்ளைகள் பனியில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கம்ஷாத் அக்தோஸைக் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதத்தில் அது கோட்டுக்குள் அடங்காமல் வளர்ந்திருந்தது; காலெல்லாம் வெளியே தொங்கிற்று. உல்மெகென் மிட்டாய்ச் சட்டையை அதன் கழுத்தில் கட்டினாள்.

"விடுடி," என்றாள்.

கம்ஷாத் உடனே விடவில்லை. அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பனியில் இறக்கி விட்டாள்.

பிள்ளைகள் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். வழக்கமாக நாய் முற்றத்தைச் சுற்றி ஓடும், நாலு பக்கமும் ஆள் நின்று மடக்கும், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். வீட்டுக்குள் வளர்ந்த இதற்கு முற்றத்தைச் சுற்றி ஓட எங்கே தெரியும்? அதற்குத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நேரே எங்கள் கட்டடத்து வாசலுக்குள் பாய்ந்து, படியேறிவிட்டது. பின்னாலேயே பிள்ளைகள், பின்னாலே உல்மெகென், "புடிங்கடா, சட்டையக் கிழிக்கப் போவுது!" என்று மூச்சிரைக்க. அவள் பின்னால் பெண்கள் அத்தனை பேரும். நானும் ஏறினேன்.

மேலே அது கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. கம்ஷாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் நாய் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதது, அவள் திறந்துவிட்டாள். அக்தோஸ் ஓடிப்போய்த் தன் படுக்கையில் விழுந்தது, கழுத்தில் சட்டையோடு.

நாய் இருக்கிற வீடு என்பதையும் மறந்து உல்மெகென் உள்ளே நுழைந்தாள். குனிந்து முடிச்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். படுக்கையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டைக் கைகள் வரிசையாகத் தொங்கின. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி "அல்லாவே!" என்றாள். ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டுத் துணி அடையாளம் தெரிந்தது. ரவ்சா என் பக்கம் திரும்பினாள். எனக்கு முன்பே தெரியும் என்று என் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது போலும்.

"என்னடி இது?" என்றாள் உல்மெகென். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "ராசியான துணியெல்லாம் நாய்க்குப் போட்டிருக்கியே, என்னடி இது?"

கம்ஷாத் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் சண்டை போடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவளும் போடவில்லை. களைத்துப்போன குரலில், விலாசம் கேட்டவருக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நாங்க வேலைக்குப் போனதும் அது ஒண்டியாக் கெடந்து அழுவுது அத்தை. என் துணியப் போட்டேன், அவரு துணியப் போட்டேன், நிக்கல. இதுல புள்ள வாசம் இருந்துச்சு. எத்தன வருஷமானாலும் போகல, அலமாரியத் தொறந்தா மூஞ்சில அடிக்கும். எனக்குத்தான் தாங்க முடியல, இதுக்காச்சும் தொணையா இருக்கட்டும்னு தச்சேன். அழுகைய நிறுத்திருச்சு."

உல்மெகென் தூக்கிய மூலையைக் கீழே விட்டாள்.

"எம்புள்ளைக்குன்னுதானே அத்தை எல்லாரும் குடுத்தீங்க?" என்றாள் கம்ஷாத். "எம்புள்ளைக்குத்தான் போட்டேன்."

எர்தென் எப்போது மேலே வந்தானோ, வாசலில் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பூட்ஸைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான்.

உல்மெகென் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிரில் விறைத்த விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. நாயின் கழுத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், பல்லால் கடித்து அவிழ்த்தாள். அது அவள் கன்னத்தை நக்கிற்று, அவள் விலகவில்லை. மிட்டாயைப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்து, "போங்க, கீழ போய்த் தின்னுங்க," என்றாள். வெறும் சட்டை கையில் மிஞ்சியது. அந்த நேரத்தில் அது யார் கைக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கம்போலக் கம்ஷாத் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். பழக்கம்தான், வேறென்ன?

உல்மெகென் அந்தக் கைகளைப் பார்த்தாள். சட்டையை நாலாக மடித்துத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து, கீழே நின்ற லாரிக்காரனிடம் சத்தம் போட்டாள்.

"ஏலே! நாய்க்குக் காத்துக்கிட்டு நிக்காத, கெளம்பு! வண்டியில எடம் இல்ல!"

லாரிக்காரன் காலியாகக் கிடந்த பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அதான் எடம் இல்லேங்கறேன்ல!" என்று அவனைப் பார்த்து அதட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். கம்ஷாத்தின் பக்கம் திரும்பாமலே, "பகல்ல யாரு இதுக்கு ஊத்தறது?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன். "கீழ் வீட்டுக்காரன், தொலெகென்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி வேலைக்காரனா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கஞ்சியில எலும்புத் தூள் கலந்து ஊத்து. மந்தை நாய்க்குக் காலு வலுக்கணும்." சொல்லிவிட்டு விருந்துக்குப் போய்விட்டாள். பெண்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ரவ்சா மட்டும் நின்று, அந்த நீலப் பூத்துணியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அந்த வாரக் குளிரில் கொதிகலன் எங்களை ராத்திரி முழுக்கச் சாகடித்திருந்தது. கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து, என் வீட்டைத் தாண்டி மேலே ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கஞ்சி தயாராக மூடி வைத்திருந்தது, எலும்புத் தூளோடு. அக்தோஸ் தின்றது. கீழே கூட்டிப் போனேன்; முதல் தடவையாகப் பனியில் காரியத்தை முடித்தது. "சபாஷ்டா பயலே," என்றேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

மேலே வந்து அது படுக்கையில் சுருண்டபோது மூலையைச் சரிசெய்யக் குனிந்தேன். நேற்றுவரை தொங்கிக்கொண்டிருந்த நூலெல்லாம் இல்லை. நாலு பக்கமும் ஓரத்தை மடித்து, நெருக்கி, சுரங்கக் கோட்டுக்குப் போடுகிற கெட்டி நூலால் தைத்து முடித்திருந்தாள். இனி அது யாருடைய சட்டையும் இல்லை.

அப்படியே அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கிழட்டு முட்டாள், நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கீழே இறங்கிப் போகத் தெம்பில்லை. கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே படுத்தேன். மத்தியானம் வரைக்கும் நாங்கள் இருவருமே எழுந்திருக்கவில்லை.